நூலகரிடம் கேட்கத் தெரியுமா?

காலேஜ் லைப்ரரி எதற்கு என்று நம் இளைஞர்களைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். ஏர்கான் இருக்கு, வைஃபை இருக்கு, பரீட்சைக்கு முந்தின வாரம் கூட்டாளிகளோடு உட்கார ஒரு மேசை இருக்கு. புத்தகம்? அது எங்கேயோ மேல் மாடியில் அடுக்கி வைத்திருப்பார்கள். சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தைச் சாமி முன்னால் வைத்துவிட்டு ஒரு நாள் தொடாமல் இருப்பது நம் வழக்கம். சில பேர் அந்த விரதத்தை வருஷம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள்!

இந்த மாதப் பாடம் புத்தகத்தைப் பற்றியது அல்ல. புத்தகத்துக்கும் நமக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பற்றியது. மலாயில் அவருக்கு 'புஸ்தகாவான்' என்று பெயர், லைப்ரரிக்கு 'பெர்புஸ்தகாஆன்'. இரண்டுக்குள்ளேயும் நம் வீட்டுப் 'புஸ்தகம்' உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் போன சொல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கவுண்டரில் கார்டை வாங்கி, புத்தகத்தை ஸ்கேன் பண்ணி, அபராதம் எவ்வளவு என்று சொல்பவர் பெரும்பாலும் நூலக உதவியாளர். நூலகர் வேறு. அவர் தகவலைத் தேடுவது எப்படி, அடுக்குவது எப்படி என்பதையே பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். யூஐடிஎம்-இல் அதற்கென்று பட்டப்படிப்பு இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது இன்ஜினியரிங்குக்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர் என்று ஆள் பிரித்து வைத்திருப்பார்கள். நாம் நாலு வருஷம் படித்து முடித்துப் பட்டம் வாங்கும்வரை அந்த ஆளின் முகம்கூட நமக்குத் தெரியாது.

ஏன் கேட்க மாட்டேன் என்கிறோம்? எனக்குத் தெரிந்து மூன்று காரணம். நம்மில் பலர் சின்னப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். அங்கே லைப்ரரி என்றால் பூட்டின அலமாரி, சாவி வேறு யாரிடமோ இருக்கும். அதனால் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது ஏதோ சலுகை மாதிரி மனசில் பதிந்துவிட்டது. இரண்டாவது, மொழி. மலாயில் கேட்டால் தப்பாகப் பேசிவிடுவோமோ, இங்கிலீஷில் கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மூன்றாவதுதான் பெரிய காரணம்: 'இதுகூடத் தெரியாமலா யூனிவர்சிட்டிக்கு வந்தே?' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் முதல் ஆளாக யூனிவர்சிட்டிக்குப் போகிறவனுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடவே இருக்கும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லையே.

இதனால் என்ன போகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கிள்ளானைச் சேர்ந்த ஒரு தோழி, சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அவள் சித்தி வீடும் அங்கேதான். அதனால் தன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே அந்தத் தாமானின் வடிகாலைப் பற்றி எடுத்துக்கொண்டாள். நல்ல தலைப்பு, மனசிலிருந்து வந்த தலைப்பு.

மூன்று வாரம் கூகிளில் தேடினாள். கிடைத்தது என்ன? பேப்பர் செய்திகள், யூடியூப் வீடியோக்கள், அப்புறம் வங்காளதேசத்தையும் நெதர்லாந்தையும் பற்றி நூறு ஆய்வுக் கட்டுரைகள். கவுண்டரில் போய், "புவான், வெள்ளத்தைப் பற்றின புத்தகம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். அலமாரி எண்ணைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எல்லாம் பழைய ஹைட்ராலஜி பாடநூல்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் கிடைத்தது. கேள்விதான் பாதியாக இருந்தது.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் விரட்ட, இன்ஜினியரிங் பகுதிக்குப் பொறுப்பான நூலகரிடம் போனாள். ப்ராஜெக்ட் தாளையே மேசையில் வைத்துவிட்டாள். அந்த அம்மா உடனே கம்ப்யூட்டரைத் தட்டவில்லை. திருப்பி நாலு கேள்வி கேட்டார். எந்த ஆறு? ஆறு கரைபுரண்டு வந்த தண்ணியா, இல்லை தாமானுக்குள் பெய்த மழை வெளியே போக முடியாமல் நின்ற தண்ணியா? எந்த வருஷங்கள்? கடைசியில் நீ கொடுக்க வேண்டியது என்ன, வரைபடமா, வடிகால் அளவா, ஒப்பீடா?

நூலகர்களுக்கு இது தொழில். ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்று இதற்குப் பெயரே உண்டு. வருகிறவர் முதலில் கேட்பது அநேகமாக அவருடைய உண்மையான கேள்வியாக இருக்காது என்பது அவர்கள் படிக்கும் முதல் பாடம். அந்த நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் தோழிக்கே புரிந்தது: அவளுக்கு வேண்டியது வெள்ளத்தைப் பற்றின புத்தகம் இல்லை. மழை அளவுத் தரவும், அதை வைத்து வடிகாலைக் கணக்குப் போடும் இன்றைய வழிகாட்டியும்தான் வேண்டும்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முதலில், தேடும் சொல்லை மாற்றச் சொன்னார். இங்கிலீஷில் மட்டும் தேடாதே, 'பாஞ்சிர்', 'சாலிரான்', 'சுங்கை கிள்ளான்' என்று மலாயில் தட்டு என்றார். நம் நாட்டு அரசாங்க அறிக்கைகள் பலவற்றுக்கு மலாயில்தான் தலைப்பு. இங்கிலீஷில் மட்டும் தேடினால் அவை கண்ணில் படவே படாது. மூன்று மொழி தெரிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய வசதி! நாம்தான் பயன்படுத்துவது இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'மானுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம்' அவள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்தது, டெலிகிராம் குரூப்பில் யாரோ போட்ட பிடிஎஃப். நூலகர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது பழைய பதிப்பு. 2012-இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது" என்றார். இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு இதன் கனம் புரியும். பழைய வழிகாட்டியை வைத்துப் போட்ட கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பழைய கணக்குதான். கான்கிரீட் டிசைனிலும் இதே கதை நடக்கிறது. சீனியர் விட்டுப்போன நோட்ஸில் பிரிட்டிஷ் கோட் 8110 இருக்கும், நாடு யூரோகோடுக்கு மாறி ரொம்ப நாளாச்சு. எந்தத் தரநிலை இன்று நடப்பில் இருக்கிறது, எது வாபஸ் ஆகிவிட்டது என்று பார்த்துச் சொல்வது நூலகருக்கு அஞ்சு நிமிஷ வேலை.

மூன்றாவதாக, கிள்ளான் ஆற்றைப் பற்றின ஒரே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையைத் திறந்து காட்டினார். அதன் கடைசியில் உள்ள பட்டியல் வழியாகப் பின்னால் போகலாம். ஸ்கோப்பஸில் அந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் முன்னாலும் போகலாம். ஒரு கட்டுரை இருபது கட்டுரை ஆனது. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். கூகிளில் போனது மூன்று வாரம்.

இதிலிருந்து எப்படிக் கேட்பது என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். போகும்போது அசைன்மென்ட் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். எதற்காகத் தேடுகிறீர்கள், எப்போது கொடுக்க வேண்டும், இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, அது ஏன் பத்தவில்லை என்பதைச் சொல்லுங்கள். 'தேடிப் பார்த்தேன், கிடைக்கலை' என்பதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். அவருக்கு அதுதான் மிக உபயோகமான தகவல், ஏற்கெனவே போன வழியில் அவர் மறுபடி போக வேண்டியதில்லை பாருங்கள். மொழிக் கூச்சம் இருந்தால் "புவான், சாயா நாக் மிந்தா தோலோங்" என்று ஆரம்பித்தாலே போதும். ஆணாக இருந்தால் 'என்சிக்'. மீதி தானாக வரும். இமெயிலிலும் கேட்கலாம். பேசத் தயங்குகிறவர்களுக்கு அது இன்னும் சுலபம்.

ஒன்று மட்டும். அவர் உங்கள் அசைன்மென்டை எழுதித்தர மாட்டார். நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டியதை இன்றைக்குச் சாயங்காலம் லைப்ரரி மூடும் நேரத்தில் கொண்டுபோய் நீட்டினால் முகம் கொஞ்சம் கடுக்கத்தான் செய்யும். செமஸ்டரின் மூன்றாவது வாரம் போங்கள், பதிமூன்றாவது வாரம் வேண்டாம். சிடுசிடுப்பான ஆளும் சில இடத்தில் இருப்பார், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படி இருந்தால் இன்னொருவரிடம் கேளுங்கள், கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்பது என்ற இந்த விஷயம் நம் சமயத்துக்குப் புதிது இல்லை. அதர்வ வேதத்தைச் சேர்ந்த ஒரு உபநிஷதத்துக்குப் பெயரே 'பிரச்ன', அதாவது கேள்வி. ஆறு பேர் கையில் சமித்து எடுத்துக்கொண்டு பிப்பலாத முனிவரிடம் போகிறார்கள். ஆறு பேரும் ஏற்கெனவே படித்தவர்கள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வருஷம் இங்கே கட்டுப்பாட்டோடு தங்குங்கள், அப்புறம் விருப்பப்பட்டதைக் கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்கிறோம் என்கிறார். 'தெரிந்திருந்தால்' என்று அவ்வளவு பெரிய முனிவர் சொல்கிறார்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் வரும் கடைசி ஆள், சுகேசன். கோசல நாட்டு இளவரசன் ஒருவன் ஒரு நாள் தேரில் வந்து அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், பதினாறு கலைகள் உடைய புருஷனைத் தெரியுமா என்று. சுகேசன் தெரியாது என்று சொல்லிவிட்டான். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே, பொய் சொல்கிறவன் வேரோடு காய்ந்துபோவான் என்றான். இளவரசன் ஒன்றும் பேசாமல் தேரில் ஏறிப் போய்விட்டான். சுகேசன் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடவில்லை. மனசில் சுமந்துகொண்டு, பதில் தெரிந்தவரைத் தேடி வந்து கேட்கிறான். ஆறாவது கேள்வி அதுதான். தெரியாது என்று ஒத்துக்கொண்டு, தெரிந்தவர் யார் என்று தேடிப் போவது. நல்ல நூலகர் தினமும் செய்கிற வேலையும் இதுதான். அவருக்கு உங்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

நூலகத் துறையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயர் தமிழருடையது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எஸ். ஆர். ரங்கநாதன். சம்பந்தர் பிறந்த அதே சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். படித்தது கணிதம், வேலையும் கணித ஆசிரியர் வேலைதான். சிறு வயதிலிருந்து திக்கிப் பேசும் தொல்லை உண்டு. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்தது. இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்னால் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் ஒரு கட்டுரை படித்தாராம். லைப்ரரியைப் பற்றி அவருக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த சில வாரத்திலேயே அந்தத் தனிமை தாங்காமல், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி எடுத்துவிட்டு வா, அப்பவும் பிடிக்கவில்லை என்றால் கணிதத்துக்கே போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளைச் சேர்க்கிற விதத்தை மாற்றினால் வேறு வேறு பொருள் உருவாகிறது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, குறிகளால் இணைத்து ஒரு எண் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதுதான் 1933-இல் 'கோலன் கிளாசிஃபிகேஷன்' என்று வெளிவந்தது. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோக்ராமிங் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அதே புத்திதான். திரும்பி வந்தவர் கணிதத்துக்குப் போகவில்லை. 1944 வரை அங்கேயே நூலகராக இருந்தார்.

1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. முக்கால் மணி நேரமும் மூன்று வாரமும் என்று மேலே சொன்னேனே, அதுதான். இன்னொன்று, எந்த வாசகராக இருந்தாலும் அவருக்கு உரிய நூல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும்போது வெள்ளைக் கம்போடு போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அங்கே பார்வையற்றோர் சங்கம் பிரெயில் புத்தகங்களும் ஒலி நூல்களும் உள்ள நூலகத்தை வைத்திருக்கிறதே, இந்த விதிக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவரும் ரங்கநாதன்தான். 1981-இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் இந்தக் கதை பல வீட்டில் தெரிந்திருக்கும்.

இனி நம் இளைஞர்களுக்கே உரிய ஒரு சிக்கல். இன்ஜினியரிங் புத்தகம் தேடினால் கிடைக்கும், தமிழ்ப் புத்தகம் தேடினால் கேட்டலாக்கில் 'இல்லை' என்று வரும். தேவார வகுப்புக்கோ சொற்பொழிவுப் போட்டிக்கோ தயார் பண்ணும்போது இது பலருக்கு நடந்திருக்கும். 'நம்ம புத்தகத்தையெல்லாம் இவங்க எங்கே வைக்கப் போறாங்க' என்று சலித்துக்கொண்டு வந்துவிடுவோம். பல சமயம் புத்தகம் உள்ளேயே இருக்கும், நாம் தட்டிய எழுத்துதான் வேறு.

பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிவு செய்யும்போது உச்சரிப்பைப் பார்ப்பதில்லை. தமிழில் எந்த எழுத்தோ அதற்கு ஒரே ஒரு ரோமன் எழுத்து என்பது அவர்கள் விதி. 'த' என்றால் 'டி' மட்டும், கூட 'எச்' வராது. 'ச' எங்கே வந்தாலும் ஆங்கில 'சி' எழுத்து, 'எஸ்' இல்லை. 'க' எப்போதும் 'கே', 'ஜி' இல்லை. 'ழ'வுக்கு 'இசட் எச்' கிடையாது, அடியில் கோடு போட்ட 'எல்'. இப்போது திருவாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'டி எச்' போட்டு ஆரம்பித்து, நடுவில் 'எஸ்' போட்டு, கடைசியில் 'ஜி' போட்டுத் தட்டுவோம். ஒரே சொல்லில் மூன்று இடத்தில் வழுக்கிவிட்டோம். கேட்டலாக்கில் அது 'டி', 'சி', 'கே'. முருகனும் 'கே', சைவ சித்தாந்தம் இரண்டு சொல்லும் 'சி'. கந்த புராணத்தில் நடுவில் 'டி' வரும், 'டி எச்' வராது. ஆனால் பொருள் பிரிவில் தேடும்போது சைவம் இங்கிலீஷ் சொல்லாகிவிடும், அங்கே 'எஸ்' போட வேண்டும். எல்லா லைப்ரரியும் இந்த விதியை ஒரே மாதிரி பின்பற்றுவதும் இல்லை. அதனால் இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். அப்பவும் வரவில்லையா, தமிழில் எழுதி நூலகரிடம் காட்டுங்கள், இதன் ரோமன் வடிவம் எப்படி வரும் என்று கேளுங்கள்.

அலமாரி எண்ணும் ஒரு விஷயம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நூலகங்கள் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையைப் பின்பற்றுகின்றன. அதில் சிவில் 'டிஏ', மெக்கானிக்கல் 'டிஜே', எலக்ட்ரிக்கல் 'டிகே'. இந்து சமயம் 'பிஎல்' 1100-லிருந்து, தமிழ் 'பிஎல்' 4751-லிருந்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று மாதிரி தெரிகிறது! முதல் 'பி' பஸ்ஸில் வருவது, இரண்டாவது பென்சிலில் வருவது. இரண்டு அலமாரியும் ஒன்றுக்கொன்று ரொம்ப தூரம். டியூவி முறை உள்ள கல்லூரியாக இருந்தால் இந்து சமயம் 294.5. எண்ணைத் தெரிந்துகொண்டு நேராக அந்த அலமாரிக்குப் போய் நின்றால், தேடாத புத்தகமும் பக்கத்தில் கிடைக்கும். கம்ப்யூட்டரில் இந்தச் சுகம் கிடைக்காது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. 1956-இல் இந்திய ஆய்வியல் துறை ஆரம்பமானபோது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அந்தத் துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்று பெரிய விவாதம் நடந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். எழுதியதோடு விடவில்லை. துறையின் நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். சாதாரண உழைப்பாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திராதவர்கள், தங்கள் பிள்ளைகள் மிதிப்பார்களா என்றுகூடத் தெரியாதவர்கள், பல்கலைக்கழக லைப்ரரிக்குப் புத்தகம் வாங்கக் காசு கொடுத்தார்கள். சாரங்கபாணி சுயமரியாதைக்காரர். சமய விஷயத்தில் அவர் கருத்தும் நம் அமைப்பின் கருத்தும் ஒன்று இல்லை. அதற்காக இந்த வேலையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியுமா?

துறை பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்த காலத்தில்தான், 1966-இல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் சுயமரியாதைக்காரர் ஒருவரும் பாடுபட்டு வளர்த்த தமிழை, தேவாரம் பாடுகிற நாம் அலமாரியில் தூசி படிய விடுவது நன்றாகவா இருக்கிறது? அதே வளாகத்தில் மருத்துவ நூலகத்தின் பெயர்ப் பலகையையும் ஒரு தரம் பாருங்கள். டி. ஜே. தனராஜ், மருத்துவப் புலத்தின் முதல் டீன்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தனியாக வாங்கினால் முப்பது அமெரிக்க டாலருக்குக் குறையாமல் கேட்கிற இணையதளங்கள் உண்டு. ஐஈஈஈ, சயின்ஸ்டைரக்ட் போன்றவற்றுக்கு உங்கள் கல்லூரி சந்தா கட்டியிருந்தால் நீங்கள் ஒரு வெள்ளியும் கட்ட வேண்டாம், வீட்டிலிருந்தே மாணவர் ஐடியில் உள்ளே போகலாம். அந்தச் சந்தாவின் ஒரு பகுதி உங்கள் கட்டணத்திலிருந்து, அதாவது பிடிபிடிஎன் கடனிலிருந்து போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருப்பிக் கட்டப் போகிறவர்கள் நாம்தான். உங்கள் லைப்ரரியில் இல்லாத புத்தகத்தை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கித் தரும் ஏற்பாடும் உண்டு. மெண்டலே, எண்ட்நோட், டர்னிடின் வகுப்புகளையும் நூலகர்கள்தான் நடத்துகிறார்கள். கடைசி வருஷத்தில் ராத்திரி மூன்று மணிக்கு நூறு மேற்கோளைக் கையால் டைப் பண்ணினவர்களைக் கேளுங்கள், அந்த இரண்டு மணி நேர வகுப்பின் அருமையைச் சொல்வார்கள்.

பல்கலைக்கழகத்தில் இல்லாதவர்கள், எஸ்பிஎம் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே டிப்ளோமா படிக்கிறவர்கள், 'இது எங்களுக்கு இல்லை' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கிள்ளான்காரர்களுக்கு ஷா ஆலமில் ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினால், டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் கோலாலம்பூர் நூலகத்துக்கு நடந்தே போகலாம். ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். நம் நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைப் பதிப்பாளர்கள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆக, மலேசியத் தமிழ் எழுத்தாளர் யாருடைய புத்தகமாவது கடையில் கிடைக்காவிட்டால் கேட்க வேண்டிய முதல் இடம் அது. பழைய நாளிதழ்களுக்கும் அப்படித்தான். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனில் உங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகச் செய்தி வந்திருக்கலாம். எந்த ஆண்டு இதழ்கள் எந்த நூலகத்தில், மைக்ரோஃபிலிமிலா தாளிலா என்று நூலகரைக் கேட்டால் தேடிச் சொல்வார்.

அடுத்த மாத வகுப்புக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் தனக்கு உண்மையிலேயே பதில் வேண்டிய ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். படிப்பைப் பற்றியதாக இருக்கலாம், உங்கள் தோட்டத்தின் பழைய பெயரைப் பற்றியதாக இருக்கலாம், குலதெய்வத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு ஒரு நூலகரிடம் நேரில் போங்கள். நீங்கள் முதலில் கேட்டது என்ன, அவர் திருப்பிக் கேட்டது என்ன, கடைசியில் கேள்வி எப்படி மாறியது என்று மூன்று வரி எழுதி வாருங்கள். பதில் கிடைத்ததா இல்லையா என்பதைப் பிறகு பேசலாம். திருவாசகத்தைக் கேட்டலாக்கில் கண்டுபிடித்தவர்கள் அலமாரி எண்ணையும் குறித்து வாருங்கள்.